பாலத்துக்கு எதிரே ஒரு மனை

ராமநாதபுரத்தில் மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணி எத்தனை அடியில? உப்பா, நல்ல தண்ணியா?" என்பதுதான். பெய்கிற மழை எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் கேட்டேன். சிரித்தார்கள்.

இனி துபாய்க்குத் திரும்புவதில்லை என்று முடிவுகட்டி வந்திருந்தார் என் வீட்டுக்காரர். சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு வீடு, முன்பக்கம் ஒரு மளிகைக் கடை, பிள்ளைகளோடு இங்கேயே இருந்துவிடுவது என்று திட்டம். கீழக்கரை ரோட்டில் புரோக்கர் காட்டிய மனையைச் சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தோம். தரை வெடித்துக் கிடந்தது. எனக்கு உறுத்தியது, நேர் எதிரே ரோட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பாலம்தான். தண்ணீர் ஓடாத இடத்தில் எவனாவது பாலம் கட்டுவானா?

"இந்தப் பாலத்துத் தண்ணி எங்கன போகும்?" என்று புரோக்கரிடம் கேட்டேன்.

"நல்லா கேட்டீக அக்கா! நம்ம ஊருக்குத் தண்ணி வந்தா கும்பிட்டுல்ல வாங்கிக்கணும்!"

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல குறுக்க பேசாத" என்று என் வாயை அடைத்தார். அந்த வாரமே பத்திரம் பதிந்தாயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாலத்து வழியாக வந்த தண்ணீரெல்லாம் எங்கள் மனையில் வந்து நின்றது. அது கண்மாய்க்குப் போகும் ஓடையாம். ஓடையைத் தூர்த்துப் பிளாட் போட்டவன் விளங்குவானா? சுற்றியிருந்தவர்கள் கிராவல் மண் அடித்து மேடாக்கியிருந்ததால் வடிய வழியில்லை. கார்த்திகை முடிந்தும் முழங்கால் தண்ணீர்.

புரோக்கரை வீட்டுக்கு வரவழைத்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவன் அசரவேயில்லை.

"இதுக்கா இம்புட்டு கோவம்? சித்திரை வரட்டும்க்கா, காஞ்சு கெடக்கும். வேற பார்ட்டியக் கூட்டியாரேன், தள்ளி விட்ருவோம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஏங்க, எவளோ ஒருத்தி பிள்ளகுட்டியோட வந்து இந்தத் தண்ணிக்குள்ள கெடக்கணுமா? அந்தக் காசுல கட்டுற வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன், ஆமா!"

புரோக்கர் நைசாக நழுவிவிட்டான். என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"அப்ப மண்ணடிச்சு ஒசத்தணும். தண்ணி போக ஓரத்துல வாய்க்காலும் கட்டணும். காசுக்கு எங்கன போறது?" என்றார். பிறகு அவரே, "இன்னொரு தடவ துபாய்க்குப் போயிட்டு வாரேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

மாசியில் அவரை மதுரையில் விமானம் ஏற்றிவிட்டு, பிள்ளைகளோடு பஸ்ஸில் திரும்பினேன். எங்களை ஏமாற்றியவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் வீட்டில் சோறு தின்கிறான். இன்னொருத்தியை ஏமாற்ற மாட்டேன் என்றேன். என் புருஷன் போய்விட்டார்.