முழு வாக்கியத்தில் ஒரு பதில்

கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை மாடியில் ஒரு டுடோரியல். பத்தாவதில் ஆங்கிலத்தில் தவறியவர்களுக்கெல்லாம் அங்கே ஆண்டாள் மிஸ்தான் கதி. வாட், வென், வேர் என்று கேள்வி கேட்கப் பழக்குவாள். கேட்டவுடன் முழு வாக்கியத்தில் பதில் வரவேண்டும். யோசித்தால் டஸ்டர் பறக்கும்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் வகுப்பு மக்கர் பண்ணியது. 'வேர் ஆர் யூ கோயிங்?' கிளம்புகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? "தூரமாங்களான்னு கேக்கலாம் மிஸ். எங்கன்னு எப்டிங்க கேக்கறது?" என்று நெளிந்தான் தங்கதுரை. கரும்பு வெட்டப் போகிற ஆள். மீசையை முறுக்கிக்கொண்டு மறுபடி மறுபடி பரீட்சை எழுதுகிறவன். ஆண்டாள் விடவில்லை. அவன் கூச்சம் போகும்வரை கேட்க வைத்தாள்.

அவள் இருந்தது கச்சிராயபாளையத்தில், அண்ணன் செல்லமுத்து வீட்டில். புருஷன் செத்தபின் அண்ணன் சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. வாசலைத் தாண்ட மட்டும் அவர் உத்தரவு வேண்டும். டுடோரியல், டவுன் பஸ், வீடு என்று அவளுக்கு மூச்சு முட்டியது. மெட்ராஸில் ஒரு பெண்கள் பள்ளி, தங்க இடத்தோடு வேலை தருகிறேன் என்றது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் வேறு ஆள். அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பட்டணத்துல தனியா இன்னா பண்ணுவ? பேசாம வூட்ல கெட."

சொல்லாமல் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

வந்ததே எண்பத்தேழு செப்டம்பர்! இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு பஸ் நகரவில்லை. ரயில் ஓடுகிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஞாயிறு காலை அண்ணன் கழனிக்குப் போனதும், பையைத் தூக்கிக்கொண்டு சின்னசேலம் பக்கம் நடந்தாள்.

முதல் மரத்தருகே நின்றவர்கள் "தூரமாங்க?" என்றார்கள். "பக்கத்துலதாங்க" என்றாள். கிளையை விலக்கி மரியாதையாக வழிவிட்டார்கள். அடுத்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவன் தங்கதுரை. மிஸ்ஸைக் கண்டதும் குதித்து இறங்கினான். கூட்டாளிகளிடம் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சமயம் ஏது?

"வேர் ஆர் யூ கோயிங், மிஸ்?"

வருஷக்கணக்காகப் பழகிய வாய் யோசிக்கவில்லை. "ஐ யாம் கோயிங் டு மெட்ராஸ்" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"மெட்ராசா? ரயிலும் ஓடலீங்களே! தனியா போய்க்கினு இருக்கீங்க. வழியில ஒண்ணு ஆச்சின்னா எங்க பேருதாங்க கெடும்."

அதட்டினாள், கெஞ்சினாள். தங்கதுரை பையை வாங்கி சைக்கிளில் மாட்டி, அவள் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டான். வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தான். அவள் கைதி மாதிரி பக்கத்தில் நடந்தாள்.

கழனியிலிருந்து திரும்பிய செல்லமுத்து வாசலில் நின்றிருந்தார். தங்கதுரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அண்ணன் திட்டவில்லை. பையை உள்ளே வைத்துப் பூட்டினார். "இனிமே டுடோரியலும் வேணாம். தம்பிக்குக் காப்பி குடு" என்றார்.

ஆண்டாள் காப்பி போட்டு எடுத்து வந்தாள். யாரைத் திட்டுவது? இவனையா? வழியில் ஒரு வாய் தண்ணீர்கூடத் தனக்கு முன் அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன். டம்ளரை நீட்டினாள்.

"நான் கேட்டது கரெக்டுங்களா மிஸ்?"

"கரெக்ட்."

"அப்ப இந்தவாட்டி பாஸ் பண்ணிடுவேங்களா?"

"பண்ணிடுவ" என்றாள் ஆண்டாள்.