காருக்கு ஒரு தேங்காய்

ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில் சமையல்காரரான குணசீலனுக்கு அந்தக் கார்தான் உயிர். ஆஸ்திரேலியாவில் உதிரிப் பாகங்களாக விற்க, வாங்கினவரே பொருத்திப் பூட்டிக்கொள்ளும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு முழுக்க ஃபைபர். நகருக்கு வெளியே லா கூர்னெவ் கராஜில் ஆறு வருச ஞாயிறுகளைத் தின்றுவிட்டு, இன்றுதான் ரூ பஜோல் பிள்ளையார் கோயில் வாசலில் முதல் பூசைக்கு வந்து நின்றது.

காலையிலிருந்தே அவர் யோசித்தது காருக்கு முன்னால் உடைக்கப்போகிற தேங்காயைப் பற்றித்தான். ஒரு சிரட்டைத் துண்டு தெறித்தால் போதும், ஃபைபர் வெடித்துவிடும். ஐயர் தேங்காயை ஓங்கியதும் பாய்ந்துபோய், காரை மறைத்துக் கைகளை விரித்து நின்றார். தேங்காய் சிதறியது. ஒரு துண்டு அவர் நெற்றியைக் கிழித்தது.

"காருக்கு ஒண்டுமில்லையே?" என்றார், இரத்தம் வழிய.

மனைவி நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் காயத்தை அழுத்தினாள்.

"ஊரிலை சண்டை நேரம் ஷெல் விழேக்கைகூட நீங்கள் எனக்கு முன்னாலை இப்பிடி நிக்கேல்லையப்பா."