எதிர்க்கடையைப் பார்த்து நான் போட்ட போன்

மீன் பெட்டி தூக்கித் தோள் காய்த்துப் போனவன் நான். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதைத் தாண்டவில்லை. ஆனாலும் புதுப்பட்டினத்தில் என் ஓட்டலைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். என் மீன் குழம்புக்காக மாமல்லபுரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யார் சொல்வது?

அப்படிப்பட்ட கடைக்கு எதிரில் போன வருஷம் ஒருவன் ஓட்டல் திறந்தான். கூடுவாஞ்சேரியில் பைக் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். மெக்கானிக்குக்குக் கறிவேப்பிலை எது, கொத்தமல்லி எது என்று தெரியுமா என்று சிரித்தேன். மூன்றே மாதத்தில் சிரிப்பு நின்றது. மதியம் அவன் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. என் கல்லாவில் உட்கார்ந்தால் நேரே அவன் வாசல்தான் தெரியும்.

சமையலில் அவனிடம் ஒன்றும் இல்லை. பார்சல் வாங்கித் தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வித்தை வேறு இடத்தில் இருந்தது. பைக்கை சர்வீஸுக்கு விட்டால் இரண்டு நாள் கழித்து போன் போட்டு, வண்டி நன்றாக ஓடுகிறதா சார் என்று கேட்பார்களே, அதை அப்படியே ஓட்டலுக்குக் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டுப் போனவர்களுக்கு மறுநாள் போன். இது தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற எனக்குத் தோன்றாதது, நேற்று வரை செயினுக்கு எண்ணெய் விட்டவனுக்கு எப்படித் தோன்றியது?

நானும் போடுகிறேன் போன் என்று இறங்கினேன்.

என் கடைக்கு உயிர் ஒரு நீள மேஜை. பக்கத்து ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் தினமும் மதியம் அதில்தான் உட்காருவார்கள். கூட்டி வருபவர் அவர்களுடைய சூப்பர்வைசர். அவர் நுழைகிற கடைதான் மற்ற ஒன்பது பேருக்கும் கடை. அந்த மேஜை எதிரே போய்விட்டால் என் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அதனால் முதல் போன் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார் போல, எடுத்தது அவர் சம்சாரம். மெக்கானிக்கைவிட இனிமையாகப் பேசிவிட வேண்டும் எனக்கு.

"வணக்கம்மா! நேத்து சார் சாப்ட்ட வஞ்சிரம் வறுவல் எப்டி இருந்துச்சுன்னு சொன்னாரா? ரெண்டு பீஸு எக்ஸ்ட்ரா வாங்கினாரே!"

"நேத்தா?"

"ஆமாம்மா, நேத்து மத்தியானம்."

"நேத்து புரட்டாசி சனிக்கிழம."

போன் கட்டானது.

புரட்டாசியில் இந்தப் பக்கம் பாதி வீடுகளில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். வீட்டில் நாமம் போட்டுக்கொண்டு, மதியம் என் கடைக்கு வந்து வறுவல் கேட்கிற ஆம்பளைகள் எத்தனையோ பேர். இத்தனை வருஷமாக எவனையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை. போனைக் கையில் எடுத்த அன்று அத்தனையும் மறந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்துப் பேரும் வந்தார்கள். வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"இன்னா நைனா, நல்லா பேரு வாங்கிக் குட்த்துட்ட," என்றார் சூப்பர்வைசர். "நேத்துலேர்ந்து வூட்ல எனக்குக் காப்பித்தண்ணி கூட கெடையாது."

"சாருக்கு மாமியார் வூட்லேர்ந்தும் போன் வந்துகினே கீது நைனா," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனார்கள். ஒரு வாரம் அந்த மேஜையைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு, யாருக்கும் தலை வணங்காத நான், மாலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அவன் கடைக்குப் போனேன்.

"நீயுந்தானே போன் போட்ற? உனக்கு மட்டும் எப்டி ஒண்ணும் ஆவல?"

"ஒக்காரு அண்ணாத்த," என்றான். "சர்வீஸ் வுட்டவனுக்குப் போன் பண்ணா, பிரேக்கு புடிக்குதான்னுதான் கேப்போம். எங்க போய்ட்டு வந்த, பின்னால யாரு ஒக்காந்துகினு வந்தாங்கன்னா கேப்போம்? கேட்டா மறுபடி வருவானா? எடம் கெட்ச்சுதா, சூடா கீதான்னு கேட்டு வச்சிருவேன். இன்னா துன்னாங்கன்னு வாயே தொறக்க மாட்டேன்."

அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மறுநாள் மதியம் சாலையிலேயே சூப்பர்வைசரை மறித்து, அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் நம்பரை அழித்துவிட்டதைப் போனைத் திறந்து காட்டினேன். "மாசம் முடியட்டும் நைனா," என்று சொல்லிவிட்டு எதிரே போனார்.

ஐப்பசி பிறந்ததும் வந்தார்கள். பத்துப் பேரும். நானே கரண்டி பிடித்துப் பரிமாறினேன். சூப்பர்வைசர் மூன்று துண்டு மீன் தின்றுவிட்டுச் சொன்னார்:

"உன் கொழம்பு கையே தனி நைனா. ஆனா அவனும் நல்லாத்தான் கவனிச்சுக்கிறான். இனிமே ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்க."

நானும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். முழு வாரமும் என்னுடையதாக இருந்த மேஜை அது. அவர்கள் எதிரே போகிற நாட்களில், மணி ஒன்றானால் நான் கல்லாவை விட்டு எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுகிறேன்.