மரப்பாச்சியைப் படுக்க வைத்த மாலை

என் எட்டாவது வயதில் நான் செய்த ஒரு பிழைக்கு, முன்பின் அறியாத பலர் இப்போது உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாசுரங்களுக்கும் பதிகங்களுக்கும் பெரியோர் வகுத்த உரைகளைப் படிப்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். என் பிழைக்கும் ஒரு நாள் வியாக்கியானம் பிறக்கும் என்று யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தம் வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுத்தார். கறுப்பு வெள்ளையில் பதினொரு நிமிடம் ஓடும் படம். நடித்தவர்கள் அனைவரும் கொலுப் பொம்மைகள். எங்கோ ஒரு திரைப்படச் சங்கத்தின் அலமாரியில் கிடந்த அந்தச் சுருளை யாரோ கண்டெடுத்துத் துடைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மாமாவின் மகன், என் அம்மாஞ்சி, போன மாதம் அதைக் கைபேசியில் எனக்கு அனுப்பி, உடனே அழைத்தான். "அத்தங்கா, படத்தை அப்புறம் பாத்துக்கோங்கோ. கீழ எழுதியிருக்கறதை மொதல்ல வாசியுங்கோ" என்றான்.

வாசித்தேன். இதைச் செய்தவர் மேதை என்று ஒருவர். பொம்மை அசைவது பல் ஆடுவதுபோல் இருக்கிறது, இதற்கா இத்தனை கொண்டாட்டம் என்று இன்னொருவர். தேரை இழுக்கும் நூல் கண்ணுக்குத் தெரிவதுதான் இதன் அழகு என்று மூன்றாமவர். நான்காம் நிமிடத்தில் படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ஒரு நொடி தோன்றி மறைகிறது. அதற்கு ரசிகர்கள் கட்டைவிரல் பகவான் என்று திருநாமமே சூட்டிவிட்டார்கள். அதன் உருவம் பொறித்த சட்டையை அணிந்து சில இளைஞர்கள் ஆண்டுதோறும் கூடிப் படம் பார்க்கிறார்களாம். நகத்தோரம் கிரீஸ் கறை படிந்த அந்த விரலை எனக்குத் தெரியும். என் ஸ்லேட்டில் அகரம் எழுதக் கைபிடித்த விரல் அது.

ஆனால் பெரும்பாலோர் எழுதியிருப்பது படத்தின் முடிவைப் பற்றித்தான். தேரைத் தன்னந்தனியாக இழுக்கும் மரப்பாச்சி, நகராத தேரின்முன் திடீரென்று படுத்துவிடுகிறாள். அவள் படுத்தபின் தேர் நகர்கிறது. ஏன்? அது வேலைநிறுத்தம் என்கிறார் ஒருவர். வீட்டு வேலை செய்து செய்து ஓய்ந்த பெண்களின் கதை என்கிறார் ஒரு பெண்மணி. படச்சுருள் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்கிறார் ஒரு நேர்மையாளர். எவருக்கும் உண்மை தெரியாது. அவளைப் படுக்க வைத்தவள் நான்.

மாமா அப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடும் வேலையில் இருந்தார். கல்பாத்தியில் எங்கள் வீட்டு மச்சில் குடியிருந்தார். கோயிலுக்குப் போகமாட்டார்; ஆனால் தேர்த் திருவிழாவின் மூன்று நாளும் தெருவில் நின்று, யானை பின்னாலிருந்து முட்டித் தள்ளும்போது சக்கரம் எப்படிப் புரள்கிறது என்று கணக்குப் பார்ப்பார். அந்தப் பார்வையில் பிறந்ததுதான் அவருடைய கதை. தேர் நடுத்தெருவில் நின்றுவிடுகிறது. தள்ளிப் பார்த்தவர்கள் எல்லாரும் கலைந்து போகிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் வடத்தை விடாமல் இழுக்கிறாள், தேர் அசைகிறது. மனித முயற்சி ஒன்றே மெய் என்பது மாமாவின் சித்தாந்தம். அதை நிறுவ, இணையைத் தொலைத்துவிட்டுத் தனித்து நின்ற எங்கள் மரப்பாச்சியைத் தேர்ந்தெடுத்தார்.

பொம்மையை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு படம். மீண்டும் நூலளவு நகர்த்தி ஒரு படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உழைத்தால் அவள் நான்கு அடி வைப்பாள். இப்படி ஆறு மாதம் போயிற்று. நவராத்திரி வந்ததும் அம்மா மச்சின் வாசலில் போய் நின்றாள்.

"பொம்மை எல்லாம் எறங்கி வரட்டும்டா. மும்மூர்த்தியும் உன் சினிமாவுக்குக் காவல் நின்னது மதி, போறும்."

"இப்ப எடுத்தா எல்லாம் போச்சு அக்கா. ஒரு மயிரிழை நகந்தாலும் படத்துல குதிச்சாப்பல தெரியும்."

"அப்போ கொலுவை நான் மேல கொண்டுவரேன். வரவா எல்லாரும் ஏறி வரட்டும். ஒம்போது நாள் நீ ஒண்ணையும் தொடப்படாது."

"பகவான்கூட இத்தனை கண்டிஷன் போடமாட்டார்."

"பகவானை நீ எங்கேடா கண்டே?"

அவ்வாறே அந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கொலு மச்சில் அமைந்தது. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் செங்குத்தான மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறினார்கள். நடுப்பலகையில் அட்டைத் தேர் அந்தரமாக நிற்பதைக் கண்டு எதிர்வீட்டு மாமி, "என்னடி, தேரை நடுத்தெருவுல விட்டுட்டா? தள்றதுக்கு ஆனை வரலையோ?" என்றாள். அம்மா சலிக்காமல் பதில் சொன்னாள்: "ஆனைக்கு லீவு. என் தம்பி தள்ளறான்."

மாமாவுக்குக் கையிருப்பு ஒரே ஒரு சுருள். காமிராவும் அவருடையதன்று, திரைப்படச் சங்கத்து நண்பர் இரவலாகத் தந்தது. விஜயதசமிக்கு மறுநாள் காலை ரயிலில் வந்து அதை எடுத்துச் செல்வதாக அவர் எழுதிவிட்டார். ஆகவே கடைசிக் காட்சிக்கு விஜயதசமி ஒரு பகல்தான் மிச்சம். காலைப் பூஜை முடிந்ததும் மாமா மச்சுக்கு ஏறினார். "இன்னிக்கு மச்சுல யாரும் மூச்சுகூட விடப்படாது" என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அதே காலையில் அம்மா எனக்கு ஒரு பதவி அளித்திருந்தாள். விஜயதசமி மாலை, விளக்கேற்றி ஆரத்தி எடுத்தபின், கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். கொலு நிறைவுற்றது என்பதற்கு அது அடையாளம். எங்கள் வீட்டில் படுப்பவள் எப்போதும் மரப்பாச்சிதான். படுத்தவளை அடுத்த நவராத்திரி வரை நிமிர்த்தக் கூடாது. அத்தனை ஆண்டும் அம்மாவே செய்துவந்த அந்தக் காரியத்தை, "இந்த வருஷம் நீ படுக்க வை. கண்வளரச் சொல்ற பாட்டு உனக்குத்தான் நன்னா பாடமாயிருக்கே" என்று என்னிடம் ஒப்படைத்தாள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மாலையில் மின்சாரம் போயிற்று. விளக்கின்றிப் படம் எடுக்க இயலாது. மாமா துண்டை எடுத்துக்கொண்டு ஊரையொட்டி ஓடும் புழைக்குக் குளிக்கப் போனார். மச்சில் காமிரா நிற்பதால் அம்மா கீழேயே பூஜை விளக்கை ஏற்றினாள், ஆரத்தி எடுத்தாள், வந்திருந்த மாமிகளுக்குக் குங்குமம் கொடுக்கத் திரும்பினாள். நான் அகல் விளக்குடன் மச்சுக்கு ஏறினேன்.

மாமாவின் கட்டளை எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளை பொம்மையை நகர்த்துவது பற்றியது. நான் செய்யப்போவது வேறு என்றே நினைத்தேன். பலகையில் மரப்பாச்சி, இடுப்பில் கட்டிய நூலுடன் முன்சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். நூலை அவிழ்த்தேன். என் வலப்பக்கத்துப் பின்னலிலிருந்து ரிப்பனை உருவி நான்காக மடித்துத் தலையணையாக்கினேன். தேரைப் பார்த்து முகம் இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாலாட்டுப் பாட்டில் ஓர் அடியும் விடாமல் மெல்லப் பாடினேன். பாடி முடிக்கும் நேரம் மின்சாரம் வந்தது. மாமாவின் இரண்டு பெரிய விளக்குகளும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான், காமிராவின் கண் அவளையே நோக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அகலை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றேன். மாமா ஈரத் தலையுடன் வந்து மேலே ஏறினார். பிறகு படியில் பாதி இறங்கி வந்து கூடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் தலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"சாப்டாச்சோ?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"சாப்டு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறிப் போனார். சற்றைக்கெல்லாம் காமிராவின் ஒற்றைச் சொடுக்கு கேட்டது, பிறகு மற்றொன்று. நான் உண்டு கைகழுவிப் படுக்கும்வரை அது நிற்கவில்லை. அவர் கண்டுகொள்ளவில்லை என்று நான் நம்பினேன்.

சில மாதங்கள் கழித்துக் கல்யாண மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினார்கள். கடைசிக் காட்சி நெருங்கியதும் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பொலி எழுந்தது. வெளியே வரும்போது எதிர்வீட்டு மாமி மாமாவை நிறுத்திக் கேட்டாள்: "எல்லாம் நன்னாத்தான் இருந்தது. அந்தப் பொம்மை எதுக்காக்கும் நடுவுல படுத்துண்டுது?"

"அலுத்துப்போச்சு மாமி. ஆறு மாசமா நடக்கறாளோல்லியோ."

மாமி அதற்கும் சிரித்தாள். சுருளை நண்பர் எடுத்துச் சென்றார். மாமா அதன்பின் படம் எடுக்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, வேலை மாற்றலாயிற்று, காரணங்கள் இருந்தன. எனக்கோ காரணம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பெட்டியைத் திறந்து, மாமாவின் பழைய நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கும் மரப்பாச்சியை எடுக்கும்போது நெஞ்சு குறுகுறுக்கும். அம்மா கைக்குக் கிடைத்த துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று எண்ணி, மறுபடியும் அதிலேயே சுற்றி வைப்பேன். அம்மா போனபின் பொம்மை என்னிடம் வந்தது. துணியும் உடன் வந்தது. மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறேன். அவர் மறையும்வரை சொல்லவில்லை.

போன மாதம், அம்மாஞ்சி அனுப்பிய படத்தின் அந்தக் காட்சியை முதன்முறையாகக் கண்திறந்து பார்த்தேன். தேர் அவளைக் கடந்து, ஒருவரும் இழுக்காமல், தன்போக்கில் நகர்ந்தது. நம் முயற்சி ஓய்ந்து விழுந்த இடத்தில் அவன் கருணை புறப்படுகிறது என்று நான் படித்த பாட்டெல்லாம் சொல்கின்றன. மாமா மறுக்க நினைத்ததையே மாமாவின் தேர் சொல்லிவிட்டதே என்று கைகூப்பினேன். அத்துடன் நிறைவு கண்டிருப்பேன். அம்மாஞ்சிதான் மறுநாள் அழைத்தான்.

"ஒருத்தர் புதுசா எழுதியிருக்கார், அத்தங்கா. கடைசி அரை நிமிஷம் தேரைப் பாக்காதேங்கோ, பொம்மையைப் பாருங்கோன்னு."

பெயருக்குப் பதில் வெறும் எண்கள் உள்ள ஒரு மனிதர் அவர். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அவர் சொன்னபடி பார்த்தேன். எல்லார் கண்ணும் தேரின் பின்னால் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், படத்தின் கீழ்மூலையில், மரப்பாச்சியின் காலடியிலிருந்து ஒரு சிறு துணி புறப்படுகிறது. நூலளவு நூலளவாக ஏறுகிறது. முழங்கால், இடுப்பு, தோள். கழுத்தருகே வந்ததும் நின்று, ஒருமுறை மெல்ல அழுந்துகிறது. குழந்தைக்குப் போர்த்திவிட்டு ஓரத்தைச் செருகுவதுபோல. தலைக்கடியில் என் ரிப்பன்.

பலகையில் அவள் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் மாமா. அவளைத் தூக்கி அந்தப் புள்ளியில் நிறுத்த ஒரு நொடி போதும். சுருளும் மிச்சமிருந்தது. சாமி கும்பிடாத அந்த மனிதர், படுத்த பொம்மையை எழுப்பக் கூடாது என்ற எங்கள் வழக்கத்தைக் காத்தார். தம் சித்தாந்தத்தையும் தம் கதையின் முடிவையும் விட்டுக்கொடுத்து, அந்த மாலை முழுவதும் ஒரு பொம்மைக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

"கட்டம் போட்ட துணிபோல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் அந்த எண்மனிதர். அவருக்கு என் நமஸ்காரம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவ்வளவுதான் தெரியும். அது நீலம்.

ஒரு பின்னலில் ரிப்பன் இல்லாமல் நின்ற குழந்தையை அவர் கண்டுகொள்ளவில்லை என்றே அன்று நம்பினேன். அதற்காக அன்றிரவு ஸ்வாமிக்கு நன்றியும் சொன்னேன்.