கண்ணாடிப் பெட்டியின் கதவு

சம்பளத்துக்கு விளையாடிய ஹெரன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி நாலாவது முறை கோப்பை வென்றதற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து மனுசிதான் காரணம் என்று கோயில் அன்னதான வரிசையில் ஒரு கதை உலாவுகிறது. வரிசை நகர நகர அதுவும் வளரும். சோற்றுக்குக் கிட்டப் போகும்போது அவர் கோல் காத்தவர். பாயாசத்துக்கு வருவதற்குள் ஒரு கனடாக்காரனின் பல்லையும் உடைத்திருப்பார். பல் வரைக்கும் போன கதையை விசாரிக்காமல் விடக்கூடாது என்று பஸ் ஏறினேன்.

ஜெகதீஸ்வரி அக்கா சுடுதண்ணி வாளிக்குள் கால்களை வைத்தபடி இருந்தார். வயது அறுபத்து நாலு. விமான நிலையத்தில் விடியற்காலை ஷிப்ட், துப்புரவு வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போட்டிருக்கும் இரண்டு சோடிக் காலுறைகளையும் உரித்துவிட்டு வாளிக்குள் இறங்குவார். இரண்டு சோடி என்பது ஐஸ் அரங்கில் பழகியது. அரங்கை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று. பழக்கத்தை இடிக்க ஒருவரும் வரவில்லை.

“நான் விளையாடேல்லை தம்பி. கதவு திறந்தனான்.”

அந்த இடத்தில் வதந்தி பாதியாக மெலிந்தது.

ஐஸ் ஹாக்கியில் மற்றவனைத் தடக்கி விழுத்தியவன் ஓரத்திலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அதுவரை எதிரணிக்கு ஓர் ஆள் அதிகம். கடிகாரம் பூச்சியத்துக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட ஒருவர் தேவை. அப்படித் திறந்தவருக்கு ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொள்ள, அரங்கைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவை இருக்கச் சொன்னார்கள். இருந்தார். ஐந்து வருடம், நாலு கோப்பை.

அதைப் பொற்காலம் என்கிறவர்கள் பயிற்சியாளரின் மூளையைப் புகழ்வார்கள். அக்காவிடம் இருப்பது வேறு வரலாறு. “கப் எடுத்த ஆக்கள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்கு அவையளைக் குற்றவாளியளாத்தான் தெரியும்.” பெயர்கள் நினைவில் இல்லை, இலக்கம்தான். நாற்பத்து நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்பான். ஒன்பது குனிந்திருந்து அழுவான். பதினேழு நல்ல பொடியன், கைதான் சும்மா இராது. அக்காவின் இஞ்சித் தேத்தண்ணியில் பாதி அவனுக்குத்தான் போகும்.

நாலாவது இறுதியாட்டம் இரண்டுக்கு இரண்டில் நின்றது. பெட்டிக்குள் பதினேழு. அவன் எழுந்தான், அக்கா கதவைத் திறந்தார், அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு விநாடி இருந்தது. எதிரணி முழுவதும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, கறுப்பு வட்டு பதினேழின் மட்டைக்கு வந்தது. கோல், அதோடு கோப்பையும். நடுவரின் கண் வட்டிலேயே இருந்தது. கமெராவின் கண்ணும் அப்படித்தான்.

“எழும்பின ஆளைக் கதவுக்குள்ள மறிச்சு வைக்கிறதே? வீட்டுக்கு வந்த ஆக்கள் எழும்பினா நாங்கள் முன்னுக்குப் போய்த் திறந்து விடுறனாங்களெல்லோ. கை தன்ர பாட்டில போயிட்டுது.”

ஆக, வதந்தி பொய்யில்லை. பல்தான் மிகை.

அரங்கு கூத்தாடிக்கொண்டிருக்க, அக்கா வாளியோடு நடைபாதையைத் துடைக்கப் போனார். எதிரணியின் கோல்காவலன், நம்பர் ஒன்று, முகமூடியைக் கழற்றாமல் தரையில் குந்தியிருந்தான். “காலை எடுங்கோ எண்டு கேக்க வாய் வரேல்லை. அவரைச் சுத்தித் துடைச்சிட்டு வந்தனான்.” அவன் பின்லாந்துக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி. விலாசம் ஒருவரிடமும் இல்லை. “அந்த ரெண்டு செக்கனை இனி ஆரிட்டைக் குடுக்கிறது?”

இப்போதைய சிக்கல் ஓர் அழைப்புக் கடிதமாக பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. பொற்காலம் முடிந்து இருபத்தைந்து வருடம் என்று பழைய வீரர்கள் விருந்து வைக்கிறார்களாம். கதவு திறந்தவருக்கும் ஒரு பதக்கம். வருகிறேன், வரவில்லை என்று இரண்டு கட்டங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். இரண்டு கட்டமும் வெறுமையாகக் கிடந்தன.

“அம்மா, சும்மா போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. ஆருக்கு இப்ப ஞாபகம்?” என்றார் அடுப்படியில் நின்ற மகள் லோஜினி.

“நம்பர் ஒண்டுக்கு இருக்கும்.”

“அப்ப போய் உண்மையைச் சொல்லுங்கோ.”

“பதினேழின்ர பிள்ளையளுக்கு அந்தக் கப்தானே பெருமை. அதை நான் போய் உடைக்கிறதே?”

வாங்கினால் களவு, சொன்னால் பாவம். அக்கா வாளியிலிருந்து ஒரு காலை எடுத்துத் துடைத்தார். பிறகு மற்றக் காலை. எழும்பிப் போய்க் கடிதத்தை எடுத்து, பேனையைக் கேட்டு வாங்கி, வரவில்லை என்ற இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார். காரணம் கேட்ட இடத்தில் முழங்கால் நோவு என்று எழுதும்படி மகளிடம் கடிதத்தை நீட்டினார். “பொய்யில்லை. உண்மையாவே நோகுது.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். அணியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அன்னதான வரிசைக்காரர்கள் மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

புறப்பட எழுந்தேன். அக்கா நொண்டியபடி எனக்கு முன்னால் வந்து கதவுப் பிடியில் கையை வைத்தார். திறக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். கூரைக்கு மேலால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய உதடுகள் எண்ணுவதுபோல ஒரு தரம் அசைந்தன, இன்னொரு தரம் அசைந்தன.

“இனிப் போங்கோ தம்பி,” என்று கதவைத் திறந்தார்.