மோட்டார் நின்ற பத்து நாள்

என் மனைவியின் அண்ணனுக்கு அரசாங்கத்தில் கிணறுகளின் நீர்மட்டம் அளக்கிற வேலை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றில் இறக்குவார். வெள்ளை எதுவரை கரைந்திருக்கிறதோ அதுதான் மட்டம். பொய் சொல்லவே வராது. கல்யாணத்துக்கு முன்பே, "தங்கச்சிக்குக் கோவம் ஜாஸ்தி மாப்பிள்ளை" என்று என்னிடம் போட்டு உடைத்த மனிதர்.

அவர் அளக்கும் கிணறுகளில் ஒன்று என் வயலில் இருக்கிறது. மட்டம் நூறடிக்குக் கீழே போனால் அக்கம்பக்கத்தில் புதிதாக போர் போட அனுமதி கிடையாது. நூற்றிநாலுக்குப் போயிருந்தது. என் பழைய போரோ ஒரு மணி நேரத்தில் வெறும் காற்றைக் கக்கியது. புது போர் இல்லாவிட்டால் வயலை மனை போடுகிறவர்களிடம் விற்க வேண்டியதுதான்.

"அஞ்சடி கொறச்சு எழுதுங்க மச்சான்" என்று கெஞ்சினேன். மசியவில்லை. சரி, நானே ஏற்றிக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தேன். பக்கத்து வயல்காரர்களையும், புதுக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் ஏற்றும் லாரிக்காரரையும் பிடித்து, பத்து நாள் எல்லா மோட்டாரையும் நிறுத்த வைத்தேன். தக்காளி பாதி வாடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மச்சான் வந்து டேப்பைத் தூக்கினார். வெள்ளை முழுக்கக் கரைந்து அதற்கு மேலும் ஈரம். நம்பாமல் துடைத்துத் தேய்த்து மறுபடி இறக்கினார். தொண்ணூற்றி மூன்று.

"பத்தொம்பது வருஷமா எறங்கினத மட்டுந்தான் எழுதியிருக்கேன் மாப்பிள்ளை" என்றார். கண் கலங்கியிருந்தது.

பக்கத்தில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் பேசி வெச்சு பத்து நாளா மோட்டார நிறுத்திட்டாங்க அண்ணா!"

திட்டுவார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்தே நாள்லயா? செத்துப்போச்சுன்னு நெனச்சேன், உசுரு இருக்கே!" பிறகு தங்கச்சியோடு வீட்டுக்குள் போய் மட்டத்தை எழுதி, பக்கத்திலேயே 'மோட்டார்கள் ஓடவில்லை' என்றும் எழுதினார். அனுமதி போயிற்று. நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

ஆனால் என் மோட்டார் இப்போது மூன்று மணி நேரம் மூச்சுத் திணறாமல் ஓடியது. லாரிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்: "மொற வெச்சு ஓட்டலாமா?" அன்றிலிருந்து ஆளுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. தக்காளியைப் பாதியாகக் குறைத்தேன். நான்கு வருடமாகிறது, மட்டம் எண்பத்தெட்டு. தொலைவில் ஆழமாகத் தோண்டியவர்களுக்குப் புழுதிதான் வந்தது.

போன வாரம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "நீங்க அன்னிக்கு அத எழுதலேன்னா இந்த வயலு இருந்திருக்காது மச்சான். ரொம்ப நன்றி."

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கு எதுக்கு? தங்கச்சி குடும்பமாச்சேன்னு அந்த வரிய எழுதாம விட்டுடத்தான் பாத்தேன். அவதான் 'எழுதுண்ணா'ன்னு பேனாவ எடுத்துக் குடுத்தா. உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க."

நான்கு வருடமாக அவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. உள்ளே போனேன்.