ஆறாம் கட்டிலுக்கு மூன்று மிடறு

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை. கானா நாட்டின் குமாசிச் சந்தையில் துணிக்கடைக்காரிக்குப் பிறந்தவள் நான். உரசிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன். என் கண்ணெதிரே நடந்த இதை மட்டும் எதில் உரசுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் நர்ஸ். பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களின் வார்டு. ஆறாம் கட்டிலில் செர்வா அம்மா. தொண்டையில் புற்று. சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: வாய்வழி எதுவும் கூடாது.

எங்களில் உயிர் பிரியும்போது மூன்று மிடறு தண்ணீர் கொடுத்து, வழியனுப்பும் வார்த்தை சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் போகிற உயிர் பாதி வழியில் நிற்கும்.

நான்கு நாட்களாகச் செர்வா அம்மா போகாமல் கிடந்தார். எவ்வளவு மருந்து ஏற்றியும் கண் மூடவில்லை. "தண்ணி..." என்பார். பஞ்சால் உதட்டை நனைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது தாகமில்லை.

பிற்பகல் 2.40. மகள் பிராகோ போனில் கதறினாள்.

"சிஸ்டர், டெச்சிமான்கிட்ட பஸ் படுத்துடுச்சு. நீங்களே குடுத்துடுங்க. கால்ல விழறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். மூச்சடைத்துவிட்டால், கொன்றவள் நான்... டம்ளரைக் கட்டிலருகே வைத்துவிட்டுத் தலைமை நர்ஸிடம் ஓடினேன்.

"மூணே மிடறு, மேடம்."

"பேரம் பேச இது உங்கம்மா கடையா? அவங்க இதே வார்டுல செத்தப்ப, பெத்தவளுக்கே நீ குடுக்கலை. இவங்களுக்கு மட்டும் சட்டம் மாறுமா, டுஃபி?"

கட்டிலுக்குத் திரும்பினேன்.

3.05. மின்விசிறி நின்றிருந்தது. ஆறாம் கட்டிலின் திரைக்குப் பின்னால்...

மடக்.

கைப்பாசிமணிகள் உரசும் சத்தம்.

மடக்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் என் அம்மா கொட்டுவது போல...

மடக்.

திரையை இழுத்தேன்.

யாருமில்லை.

செர்வா அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. நாடி இல்லை.

டம்ளர் காலி.

தலையணையில் ஒரு சொட்டு ஈரமில்லை...

ஆறரைக்குப் பிராகோ வந்தாள். அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"போன்ல எல்லாம் கேட்டுச்சு, சிஸ்டர். தண்ணி குடுத்த அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

"'அன்னைக்கு என் பொண்ணு கையிலயும் டம்ளர் இருந்துச்சு'ன்னாங்க."

இருந்தது. நிறைய இருந்தது. கைகழுவும் தொட்டியில் கொட்டினேன்.

அன்று திரைக்குள் நானும் அம்மாவும் மட்டும்தான். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.